பாறை விட்டுப்போன வளைவு

மழை ஓய்ந்த காலையில் பூண்டு வயலுக்கு இறங்கிய விருமாயி, மலைச்சரிவின் கடைசிப் படிவயலில் பாறையைக் காணாமல் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமான வருஷம் அவளும் புருஷன் ஒச்சப்பனும் மூன்று நாள் கடப்பாரை போட்டும் அசைந்துகொடுக்காத பாறை அது. கடைசியில் அதற்கு இடம்விட்டு, வயல் மண்ணைத் தாங்கும் கல்கட்டைப் பிறைபோல வளைத்துக் கட்டினார்கள். மேலே சாலையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லாம் அந்த வளைவைத்தான் படமெடுப்பார்கள். இப்போது பாறை கீழே ஓடைக்குள் கிடந்தது. கல்கட்டில் ஒரு கல்கூடப் பெயரவில்லை.

பின்னாலேயே வந்த ஒச்சப்பன் வளைவின் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தான்.

"நேராக் கட்டிட்டா இன்னும் நாலு வரிசை பூண்டு ஊனலாம் புள்ள."

விருமாயி பாறை இருந்த பள்ளத்தில் இறங்கி, வெயிலேறிய கல்கட்டில் முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். அங்கிருந்து ஓடை தெரிந்தது. திடீரென்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க பாருய்யா. ஓடையும் அந்தப் பாறைய முட்டிப் பாத்துட்டு, நம்மள மாதிரியே சுத்திக்கிட்டுப் போகுது."

அக்கரை மண்ணைத் தண்ணீர் பிறைபோல அறுக்கத் தொடங்கியிருந்தது. ஒச்சப்பன் வெகுநேரம் பார்த்தான். பிறகு கயிற்றைச் சுருட்டினான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றான்.