இரண்டு அடுப்பு

“இனி உங்க அடுப்புச் சோறு எனக்கு ஆகாது அத்தே. தை பெறந்தா நாங்க தனியாப் பொங்கிக்கிறோம்.”

“பொங்கு, யாரு வேணாங்குறா. எம்மவன் உண்பானான்னு மட்டும் கேட்டுக்க.”

வற்றிய கண்மாய்க்குள் நாலடிக் குழி. அகழாய்வு வேலை. உள்ளே மாமியார் சீனியம்மாளும் மருமகளும், ஆளுக்கொரு பிரஷ்.

சத்தம் மட்டும் குழிக்குள் நிற்கவில்லை.

அடுத்த குழியில் கூடை நகரவில்லை. நல்ல சண்டை நடக்கும்போது யார் மண் சுமப்பார்கள்.

மகன்காரன் சோணமுத்து மேட்டில் மண் சலித்துக்கொண்டிருந்தான். தன் பேர் அடிபட்டதும் சல்லடையை இன்னும் பலமாக ஆட்டினான்.

ஆய்வு மேடம் இறங்கி வந்தார். வாய்கள் மூடிக்கொண்டன.

கரை கட்டிக் கண்மாய் ஆவதற்கு முன்னால் இயற்கையான ஏரியாம். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தி அதன் கரையில் வீடாம். வட்டமாகக் கம்பு நட்ட தடம். உள்ளே, சுட்டுச் சிவந்த மண்ணில் அடுப்பு. பெரிசு ஒன்று. கை எட்டும் தூரத்தில் சின்னது ஒன்று.

ஒரு வீட்டுக்கு இரண்டு எதற்கு என்று மேடம் யோசித்தார்.

சுற்றி நின்றவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

மருமகளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்போதே ஒருத்தி தனியாகப் பொங்கியிருக்கிறாள்.

பிறகு மேடம் மண்ணின் அடுக்கைக் காட்டினார். எந்த வருஷமோ ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியிருக்கிறது. பெரிய அடுப்பை வண்டல் மூடியது மூடியதுதான். சின்னதில் வண்டலுக்குக் கீழும் சாம்பல். மேலும் சாம்பல்.

தண்ணீர் வடிந்ததும் சின்னவள் மறுபடி மூட்டியிருக்கிறாள். பெரியவள் மூட்டவில்லை.

“பெரியவ செத்துப்போச்சா மேடம், இல்ல இங்கிட்டு வந்து உண்டுச்சா?” என்று மருமகள் கேட்டாள்.

மேடத்துக்குத் தெரியவில்லை.

ஜெயித்தது யார் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

சீனியம்மாள் பிரஷைக் கீழே வைத்தாள்.

“சின்னவ கூப்பிட்டிருக்க மாட்டா.”

சண்டைக் குரலாக இல்லை அது.

மருமகள் சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

தை பிறந்தது. பையோடு பஸ் ஏறியது மருமகள் இல்லை. சீனியம்மாள். மானாமதுரையில் மகள் வீடு.

பஸ் நகரும்போது மருமகள் ‘இருங்கத்தே’ என்றாளா, இல்லையா? ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. பக்கத்தில் நின்ற சோணமுத்துவுக்கே நிச்சயமில்லை.

மருமகளையே கேட்டாகிவிட்டது.

சொன்ன மாதிரிதான் இருக்கிறது என்கிறாள்.