அலைக்கு ஆடாத பலகை

"மொதலாளி, இதுல எது கவிழாது?"

நுவரெலியா பஜாரில் என் பழைய சாமான் கடைக்கு, கடலோர ஹோட்டல் ஒன்று கழித்துவிட்ட, கடலில் மிதந்து விளையாடும் துடுப்புப் பலகைகள் இரண்டு வந்திருந்தன. கேட்டவன் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கோகுலராஜ். காலெல்லாம் சேறு. கூரைத் தகரம் கேட்டு வரவேண்டியவனுக்கு இது ஒரு கேடா?

"நின்னுக்கிட்டே துடுப்புப் போடுறது. ஒல்லியானது வேகமாப் போகும். அலையடிச்சா அகலமானதுதான் ஆடாது."

"ரெண்டு பேரத் தாங்குமா?"

ஜோடியாக வேறு!

"தாங்கும்."

"படுத்துக்கிட்டுப் போகலாங்களா?"

"த்தூ! லயத்து வீட்டுல கூரை ஒழுகுது. தொரைக்குக் கடல்ல படுத்து மெதக்கணுமோ?"

அவன் கோபப்படவில்லை. அகலப் பலகையின் ஓரத்தை அழுத்திப் பார்த்தபடியே சொன்னான்.

"கடலுக்கு இல்லீங்க. எங்க தோட்டத்துப் பாலம் வெள்ளத்துல போயி ஆறு மாசம். போன மாசம் எங்க அக்காவப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்குனோம். நடு ஆத்துல கை நழுவிருச்சு. ரெண்டு உசுரும் போயிருச்சுங்க. இப்ப என் சம்சாரத்துக்கு ஒன்பது மாசம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அலையில ஆடாதுன்னு சொன்னது நெசந்தானுங்களா?"