மருந்து தீர்ந்ததும்

“பொருட்களைத் தொடாதீர்கள்” என்று என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார்.

அவர் அப்படித்தான். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பலகையைப் படிக்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். படித்ததை நாலு பேருக்கு அறிவிக்காமலும் விடமாட்டார்.

நாங்கள் நின்றது ஒரு பழைய தெரு. எங்கள் இளமைக் காலத்துக் கடைகளையும் வீடுகளையும் திறந்த வெளியில் அப்படியே கட்டிவைத்து, ஆட்களுக்கு அந்தக் காலத்து உடுப்பை மாட்டி வேலை செய்ய விட்டிருக்கும் அருங்காட்சியகம். அங்கே மருந்துக் கடையில் நிற்பவள் எங்கள் மகள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றாள்.

“வேஷம் போட்டுத்தான் பொழைக்கணும்னா இந்த வாசப்படிய மிதிக்காத” என்றார் இவர்.

மிதிக்கவில்லை. வீம்பில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

அதனால் ஒரு பொய் சொன்னேன்.

அங்கே வேலை செய்கிறவர்கள் வேஷத்தைக் கலைக்கவே கூடாதாம், பெற்றவர்களே வந்தாலும் வாடிக்கையாளராகத்தான் நடத்த வேண்டுமாம், மீறினால் வேலை போய்விடுமாம் என்று இவரிடம் அளந்துவிட்டேன். விதி என்று சொல்லிவிட்டால் இவர் அதற்கு அப்பால் போகமாட்டார். மன்னிப்பும் கேட்க வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. பத்து வார்த்தையாவது பேசிக்கொள்வார்கள் இல்லையா?

மகளுக்குப் போன் செய்து, அப்பாவைக் கூட்டி வருகிறேன், தெரியாதவரிடம் பேசுகிற மாதிரியே பேசு என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

தெருமுனையில் ஒரு பழைய பஸ் நின்றது. பார்த்ததும் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏறி, உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் டிக்கெட் கேட்டார். அவர்களும் சிரித்துக்கொண்டே நுழைவுச் சீட்டை நீட்டினார்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

வேஷத்தைப் பற்றி யார் பேசுவது என்று நினைத்தேன்.

அடுத்த கடையில் என் பொய் வெளுக்கப் பார்த்தது. கொல்லுப் பட்டறையில், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லர் சாவகாசமாகச் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். “அங்க பாருங்க, அங்க பாருங்க” என்று எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்க் குழாயைக் காட்டி இவரை இழுத்துக்கொண்டு போனேன்.

குழாயில் என்ன இருக்கிறது என்று கேட்காமலேயே பார்த்தார்.

மருந்துக் கடை வந்தது. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில், தலைமுடியைத் தூக்கிச் சீவி மகள் நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“வாங்கய்யா. என்ன தொந்தரவு?”

இவர் செருமிக்கொண்டார். “ராத்திரில தூக்கம் வரமாட்டேங்குதும்மா.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

அளவுக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடியும் துடைத்தது.

“வேளைக்குச் சாப்பிடறீங்களா?”

“அதெல்லாம் உங்கம்மா...” நாக்கைக் கடித்துக்கொண்டார். “எங்க வீட்டம்மா பாத்துக்கறாங்க.”

நான் ஜாடிகளை எண்ணுவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“மனசுல எதையாவது போட்டு உழப்பிக்கிறீங்களாய்யா?”

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்தது. நல்ல நடிப்பு என்று நினைத்திருப்பார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லிட்டேன்” என்றார் கடைசியில். “அதத் திரும்ப எடுத்துக்கத் தெரியல.”

அவள் சிவப்பாக எதையோ ஒரு சின்னக் குப்பியில் ஊற்றினாள். வருகிற குழந்தைகளுக்கெல்லாம் கொடுக்கிற சர்க்கரைத் தண்ணீர்தான். மூடியை மூன்று தடவை திருகியும் அவளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இவர் வாங்கித் தானே திருகிக்கொண்டார்.

“ராத்திரிக்கு ஒரு மூடி குடிங்க. தீந்ததும் வாங்க.”

“தீந்தாத்தான் வரணுமா?”

“ஆமாங்கய்யா. கடை விதி.”

பொய்யில் மட்டும் பெண் என்னைக் கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு இவர் எந்தக் கடையையும் சரியாகப் பார்க்கவில்லை. குப்பியைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே நடந்தார்.

வெளியே வந்ததும், டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆளுயரப் பலகை ஒன்று கண்ணில் பட்டது. காலையில் வந்த பதற்றத்தில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

‘எங்கள் பணியாளர்களிடம் தயங்காமல் பேசுங்கள். அவர்களுடைய சொந்தக் கதைகளையும் கேளுங்கள்.’

பகீரென்றது. ஓடிப்போய்ப் பலகைக்கு முன்னால் நின்று முந்தானையை உதறி விரித்தேன். என்னை விடப் பலகை பெரிது.

“நகரு. காலைலயே படிச்சாச்சு” என்றார்.

எல்லாப் பலகையையும் ஊர் கேட்கப் படித்த மனுஷன், இதை மட்டும் மனசுக்குள் படித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பையிலிருந்து குப்பியை எடுத்தார். மூடியைத் திருகினார். அண்ணாந்து ஒரே மடக்கில் முழுவதையும் குடித்தார். பிறகு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து என்னிடம் காட்டினார்.

“தீந்துபோச்சு.”

‘வெளியே செல்ல மட்டும்’ என்று சிவப்பில் எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பலகையை அவர் சத்தமாகவும் படிக்கவில்லை, மனசுக்குள்ளும் படிக்கவில்லை.