ஈயம் கசியாத தகடு

ஈயம் கலந்த பெரோவ்ஸ்கைட் சூரியத் தகடுகளைச் சுத்தியலால் உடைத்து, தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு ஈயம் கசிகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. புதிய மேற்பூச்சு பூசிய முதல் தகட்டை அன்று உடைத்தாள். அதற்குள் நாற்பத்தாறு மைக்ரோகிராம் ஈயம் இருந்தாக வேண்டும். தண்ணீரில் துளியும் இல்லை. சில்லுகளைக் கரைத்துப் பார்த்தாள், அவற்றிலும் இல்லை.

அந்த வாரமே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஆய்வுக்கூடத்தின் பக்கமே வராத பிள்ளை. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஈயம் நாற்பத்தாறு என்றிருந்தது.

அந்தத் தாளை மேலாளரிடம் நீட்டினாள். "இனிமே நான் உடைக்க மாட்டேன் சார். எம்பொண்ணு எந்திரிக்க முடியாம கெடக்கா."

மேலாளர் அதையும் தகட்டின் சோதனை அறிக்கையையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்போ மண்ணுக்கும் போகல, தண்ணிக்கும் போகல. நல்லதுதாம்மா. வீட்ல வேற யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அவரும்தான் சார்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் உள்ளே போய் அதே பூச்சு பூசிய இரண்டு தகடுகளைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். பிறகு சுத்தியலை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், மடக்கி மூடினார்.