ஒன்றரை விநாடி

“இந்த எடத்தோட நிக்கிற மாதிரி வெட்டிக் குடு கலை” என்று செவந்தி அண்ணி போனை நீட்டினாள்.

கந்தர்வக்கோட்டை கபடிப் போட்டியை உள்ளூர் சேனல் ஒன்று நேரலையாகக் காட்டிய பதிவு அது.

அந்த ஆட்டத்தின் நடுவில்தான் கலைமதியின் அண்ணன் சரவணக்குமார் மாரடைப்பில் விழுந்து இறந்துபோனான். நேற்றுதான் கருமாதி முடிந்திருந்தது.

பதிவில், எதிரணிப் பக்கம் பாடிப் போன அண்ணன் பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்புகிறான். எழுந்து சிரிக்கிறான். சிரித்தபடியே ஒன்றரை விநாடி நிற்கிறான். அப்புறம் ஆட்கள் கூடிவிடுகிறார்கள்.

அவன் விழுவது மட்டும் பதிவில் இல்லை.

கலைமதி திரும்பப் போட்டுப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் கூட்டம் கை தட்டுகிறது, தூசி பறக்கிறது. அவன் மட்டும் இமைக்கவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெங்களூரில் அவள் பார்க்கும் வேலையே அதுதான்.

டிவிக்குப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். வரும் வழியில் ஒரு துண்டு தொலைந்தால் திரை கட்டம் கட்டமாக உடைந்துவிடும். உடையாமலிருக்க, தொலைந்த இடத்தில் மட்டும் முந்தைய படத்தின் அதே துண்டை எடுத்து ஒட்டிவிடும் மென்பொருளை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. ஒட்டியது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது.

அந்த ஒன்றரை விநாடியில் அண்ணன் நிற்கவில்லை. விழுந்துகொண்டிருந்தான்.

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“அண்ணி, இது நெசமில்ல. சிக்னல் விட்டுப்போன எடத்துல மிஷினா ஒட்டுன படம். அண்ணன் அப்ப...”

“தெரியும்.”

கலைமதி நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி அன்று வீட்டிலேயே இருந்தாள் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

“நான் வந்து நின்னா அவருக்கு ஆட்டம் ஓடாது. அதான் சொல்லாம வந்து, பள்ளிக்கூடத்துச் சுவரோரமா நின்னு பாத்தேன். விழுந்ததையும் பாத்தேன். ஓடணும்னு நெனைக்கிறேன், காலு வரல. நான் போறதுக்குள்ள வண்டியில ஏத்திட்டாங்க.”



பக்கத்து அறையில் அண்ணியின் ஆறு வயது மகள் சத்யா பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்பா எப்புடிம்மா விழுந்தாருன்னு தெனமும் கேக்குறா. விழவே இல்லடி, சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னாருன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு இது போதும். விழுந்தது எங்கிட்டயே இருக்கட்டும்.”