ராணிக்குப் பாடம் சொன்னவர்

“ராணி யாருடா?” என்று தமிழாசிரியர் நரசிம்மன் கேட்டதும், வகுப்பே பெஞ்சுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தது.

பையன்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். பழைய நாடகப் பாடம் வந்தால் ராஜாவுக்குப் பாதி வகுப்பு கை தூக்கும், மந்திரிக்குக் கைகலப்பே நடக்கும். ராணிக்குத்தான் ஸ்ரீபெரும்புதூர் முழுக்கப் பஞ்சம். குனிய மறந்து விழித்துக்கொண்டிருந்த கோதண்டம் மாட்டினான்.

கோதண்டத்துக்குப் பழைய நாடகங்கள்மேல் சில மனத்தாங்கல்கள் உண்டு. அவற்றில் வேல் பாய்ந்தவன் சட்டென்று சாகமாட்டான். ஒரு பக்கத்துக்குப் பேசிவிட்டுத்தான் சாவான். அதைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்டு இவன் சாகவேண்டும். சேவகன் பாத்திரம்தான் உத்தமம். “உத்தரவு மன்னா” என்று ஒரே வரி. ஆயுசும் கெட்டி.

அன்றைய காட்சியில் இளவரசன் போருக்குப் புறப்படுகிறான். ராணி அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: “மைந்தா, உண்டாயா?”

“ராணியம்மா, வளையல் போட்டுக்கினு கேளு,” என்று பின்னாலிருந்து இளவரசன் பாண்டுரங்கன் கிசுகிசுத்தான். வகுப்பு சிரிக்கத் தயாரானது.

கோதண்டம் எழுந்தான். இளவரசனைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜைமேல் எதுவோ அடிப்பிடித்துவிட்ட மாதிரி அதைப் பார்த்தபடி, போகிறபோக்கில் கேட்டான்: “மைந்தா… உண்டாயா?”

தயாராக வைத்திருந்த சிரிப்பை வகுப்பு மறந்துபோனது. பாண்டுரங்கன் தன் வரியையே விட்டுவிட்டான்.

“மகன் மூஞ்சியப் பார்க்காம ஏன்டா கேட்டே?” என்றார் ஆசிரியர்.

“எங்க வூட்ல அப்டித்தான் சார் கேப்பாங்க. களி கிண்டிக்கினே கேப்பாங்க. மூஞ்சப் பாத்தா அழுவாச்சி வந்துரும்னு பயம் போல.”

“புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் போடலியே.”

“எழுதுனவரு எங்க வூட்டுக்கு வந்ததில்ல சார்.”

நரசிம்மன் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “ஆண்டு விழாவுல இந்த நாடகம்தான். நீதான் ராணி,” என்றார். “உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவங்களை மேடையில ஏத்தி மரியாதை பண்ணப்போறேன். கட்டாயம் கூட்டிட்டு வரணும்.”

அன்று சாயங்காலம் கோதண்டம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, புகைக்கு நடுவே அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“நா எதுக்குடா அங்க? கை கழுவிக்கினு வந்து குந்து. ஆறிப்போவுது பாரு.”

“சார் மரியாதை பண்றாராம்.”

“சோறு ஆக்கிப் போடறதுக்கு மரியாதையா? இன்னாடா உங்க சாரு? ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும்.”

“இப்ப சிரிக்கறது பத்தலியா?”

“நீ வரலன்னா நா வேஷம் கட்டமாட்டேன்.”

“வேஷம் கட்டலன்னா களி கிண்டற துடுப்பால ஒண்ணு வெப்பேன். நீ போ. நா வரல.”

கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாடகத்து ராணிக்குச் சாமரம் வீச ஒருத்தி, பூத் தொடுக்க ஒருத்தி. இந்த வீட்டில் அடுப்பு ஊதுவதிலிருந்து இவன் சட்டைக்குப் பித்தான் தைப்பதுவரை ஒரே ஆள். காய்ச்சலில் படுத்தால் தலைமாட்டில் விழித்திருப்பதும் அதே ஆள்தான். அந்த ஆளுக்கு இதுவரை ஒருத்தரும் கைதட்டியதில்லை. ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, தட்டட்டுமே என்றுதான் அவனுக்கு.

ஆண்டு விழா. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், இரவல் புடவை தடுக்க, ராணி மேடைக்கு வந்தாள். கோதண்டத்தின் கண் முன்வரிசைக்குப் போனது. ஒதுக்கி வைத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்: “மைந்தா… உண்டாயா?”

கூட்டத்தில் சத்தமே இல்லை. யாரோ மடியில் வைத்திருந்த குழந்தை மட்டும் “ம்” என்று பதில் சொன்னது. அப்புறம் எழுந்த கைதட்டலில் திரையை இழுக்கிறவன் திரையை மறந்துவிட்டான்.

நரசிம்மன் மேடையின் முன்னால் வந்தார். “இந்த ராணிக்கு நான் பாடம் சொல்லவில்லை. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாயை மேடைக்கு அழைக்கிறேன்.”

தலைமையாசிரியரின் மனைவி தட்டோடு எழுந்து நின்றார். தட்டில் பூ, மஞ்சள், குங்குமச் சிமிழ், புத்தம்புது ரவிக்கைத் துணி.

எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் எழவில்லை. கோதண்டம் புடவைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அப்போது கொட்டகையின் கடைசியில் சலசலப்பு. ஆண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சுங்குவார்சத்திரம் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் சுப்பன், முறுக்கு மீசையும் அகன்ற தோளுமாக, யாருடைய சிரிப்பையும் சட்டை செய்யாமல் மேடையேறி வந்து நின்றார்.

“குடுங்கம்மா,” என்று தலைநிமிர்ந்து அந்தத் தட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “எம் பொஞ்சாதி இவனப் பெத்ததோட போய்ச் சேந்துட்டா. அன்னிலேர்ந்து இவனுக்கு அம்மா நான்தான்.”