அறுத்த பம்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பட்டப்பகலில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

நைரோபியின் சின்ன விமானத் திடலில் நெகேசா மெக்கானிக். அவள் தம்பி வஃபூலா ஓட்டும் விமானத்தில் எரிபொருள் பம்பு தேய்ந்துவிட்டது. அசல் கம்பெனிப் பம்பு வர நாளாகும் என்றார்கள். அதனால், அரசு ஒப்புதல் பெற்ற வேறொரு கம்பெனியின் கறுப்புப் பம்பை அன்று காலை மாட்டினாள்.

"டூப்ளிகேட்டை மாட்டி என்னைக் கொல்லப் பாக்குறியாக்கா?" என்றான் வஃபூலா.

"இது எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணி வந்ததுடா. நீதான் எதையும் ஒழுங்கா பாஸ் பண்ணல."

அவன் சிரித்துக்கொண்டே வடக்கே லோட்வார் ஊருக்குப் பறந்தான்.

கழற்றிய பழசை யாரும் மறுபடி மாட்டிவிடாதபடி அறுத்துப் போடுவது அங்கே வழக்கம். அவன் போன பிறகு நெகேசா தேய்ந்துபோன அந்தச் சாம்பல்நிறப் பழைய பம்பைத் தன் கையாலேயே இரண்டாக அறுத்துத் தகரப் பெட்டியில் போட்டாள்.

மதியம் வஃபூலா திரும்பினான். புதுப் பம்பில் கசிவு உண்டா என்று பார்க்க எஞ்சின் மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்புப் பம்புக்குப் பதில் அந்தச் சாம்பல்நிறப் பம்பு முழுசாக இருந்தது. அவள் அறுத்த இடத்தில், ஆறிய தழும்பு போல ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடியது. ஓடிப்போய்த் தகரப் பெட்டியைப் பார்த்தாள். அது காலியாகக் கிடந்தது.

"வஃபூலா, வழியில உனக்கு ஏதாச்சும் ஆச்சாடா?" அவனிடம் ஓடிவந்து கேட்டாள்.

"எனக்கென்னக்கா? நல்லாத்தானே இருக்கேன்."

காலரைத் தளர்த்திவிட்டுத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான். அவன் கழுத்தைச் சுற்றியும் அதே மெல்லிய கோடு ஓடியது.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள், போனவர்களாகவே திரும்பி வரட்டும், கண்ணுகளா.